கனவில் வந்த கணக்கல்ல

சீனிவாச ராமானுஜனைப் பற்றி நம் ஊரில் யாரைக் கேட்டாலும் கதைகளுக்குக் குறைவிருக்காது. கல்லூரித் தேர்வில் தோற்றவர். ஒரே ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு மேதையானவர். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களை அருளினாள். சென்னையில் யாருக்கும் அவர் அருமை தெரியவில்லை. கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்குத்தான் தெரிந்தது. வாடகைக் காரின் எண்ணைக் கேட்டதும் நொடியில் பதில் சொன்னார். காணொளிகளிலும் துணுக்குப் பக்கங்களிலும் மேடைகளிலும் இவைதான் சுற்றிச் சுற்றி வருகின்றன. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் மனிதர் யார்? உழைக்காமலே எல்லாம் வாய்த்த ஒருவர், யாருடைய துணையும் இல்லாமல் வானத்திலிருந்து விழுந்த ஒருவர்.

ராமானுஜன் வளர்ந்த கும்பகோணத்தில் அப்படி ஒருவர் வாழவே இல்லை. இந்தக் கதைகளில் சில முழுப் பொய், சில பாதி உண்மை, ஒன்றிரண்டு முழு உண்மையும்கூட. ஆனாலும் அவை சொல்லப்படும் விதத்தில் ராமானுஜனிடமிருந்து அவருடைய உழைப்பைப் பறித்துவிடுகின்றன. போற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நாம் அவருக்குச் செய்யும் அநியாயம் இது.

வாடகைக் காரையே முதலில் எடுத்துக்கொள்வோம். லண்டனில் பட்னி என்ற இடத்தில் நோயுற்றுப் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க ஹார்டி போகிறார். வந்த வண்டியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்கிறார். இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்கிறார் ராமானுஜன். 1³ + 12³, 9³ + 10³. நடந்தது உண்மை, ஹார்டியே எழுதியிருக்கிறார். நம்மவர்கள் கதையை இந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டிவிடுகிறார்கள். ஹார்டி அங்கே நிறுத்தவில்லை. நான்காம் படிக்கும் இப்படி ஓர் எண் உண்டா என்று அவர் அடுத்துக் கேட்டார். ராமானுஜன் சற்று யோசித்தார். சட்டென்று எடுத்துச் சொல்லும்படி ஒன்றும் தெரியவில்லை, அப்படி ஓர் எண் இருந்தால் அது மிகப் பெரியதாக இருக்க வேண்டும் என்றார். அந்த எண் 635318657. அதை 59-இன் நான்காம் படியும் 158-இன் நான்காம் படியும் சேர்த்தும் பெறலாம். 133, 134 ஆகியவற்றின் நான்காம் படிகளைச் சேர்த்தும் பெறலாம். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆய்லர் கண்டது இது.

கதையின் இந்த இரண்டாம் பாதியை ஏன் யாரும் சொல்வதில்லை? சொன்னால் மந்திரம் கலைந்துவிடும். எண்கள் தாமாகவே அவருக்குள் மின்னின என்றால் நான்காம் படி ஏன் மின்னவில்லை? மூன்றாம் படியில் அவர் பல ஆண்டுகள் உழுதிருந்தார், அதனால் பதில் கையில் இருந்தது. நான்காம் படியில் அந்த அளவுக்கு உழவில்லை, அதனால் இல்லை.

உழுதார் என்பதற்குச் சான்று அவர் கைப்பட எழுதியதே. இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் முன்பே அவர் நிரப்பிய நோட்டுப் புத்தகத்தில் இந்த 1, 12, 9, 10 உறவு இருக்கிறது. 1913-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் வாசகர்களுக்கு அவர் விட்ட கணக்கு ஒன்றும் இதே நிலத்தைச் சேர்ந்தது: 3³ + 4³ + 5³ = 6³ என்பது போன்ற கன உறவுகளை வேண்டிய மட்டும் தரும் ஒரு பொதுச் சூத்திரத்தை நிறுவச் சொல்கிறார். பிற்காலத்தில் கிடைத்த அவருடைய தாள் ஒன்றில் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. இரண்டு முழு எண்களின் கனங்களைக் கூட்டினால் இன்னொரு முழு எண்ணின் கனம் கிடைக்காது என்பது பழைய தேற்றம். கிடைக்காது, சரி, எவ்வளவு நெருங்கலாம் என்று ராமானுஜன் தேடுகிறார். 6³ + 8³ என்பது 9³-ஐவிட ஒன்று குறைவு. 9³ + 10³ என்பது 12³-ஐவிட ஒன்று அதிகம். 135³ + 138³ என்பது 172³-ஐவிட ஒன்று குறைவு. 791³ + 812³ என்பது 1010³-ஐவிட ஒன்று குறைவு. இப்படி வரிசையாக எழுதிப் போகிறார். இந்த உதாரணங்களோடு, இத்தகைய உறவுகளை முடிவே இல்லாமல் உண்டாக்கும் ஒரு வழியும் அந்தத் தாளில் இருக்கிறது. வாடகைக் கார் எண் இந்த வரிசையில் ஓர் உறுப்பு, அவ்வளவுதான். கணிதவியலாளர்கள் கென் ஓனோவும் சாரா டிரெபாட்-லெடரும் 2015-இல் அந்தத் தாளை எடுத்து ஆராய்ந்தார்கள். கே3 பரப்பு என்று பின்னாளில் மற்றவர்கள் பெயரிட்ட ஒரு பொருளை ராமானுஜன் அதில் அப்போதே தொட்டிருந்தார் என்று காட்டினார்கள். வண்டி எண்ணுக்குச் சொன்ன பதிலைவிட இந்தத் தாள் எத்தனையோ மடங்கு வியப்பானது. இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் காட்டுவதில்லை.

அடுத்து, நாமகிரித் தாயார். ராமானுஜனுக்கும் அவர் தாய் கோமளத்தம்மாளுக்கும் நாமக்கல் தாயாரிடம் இருந்த பக்தியை நான் மறுக்கவில்லை. அதைக் குறைத்துப் பேசவும் எனக்கு மனமில்லை. தமக்கு வந்த கனவுகளைப் பற்றி அவரே நண்பர்களிடம் பேசியிருக்கிறார். பகலெல்லாம் ஒரு கணக்கில் மூழ்கிக் கிடப்பவனுக்கு இரவிலும் அது தொடர்ந்து வரத்தான் செய்யும். அந்த அனுபவத்தை அவர் தம் நம்பிக்கையின் மொழியில் சொன்னார். நான் எதிர்ப்பது பக்தியை அல்ல. அதைக் காட்டி ‘அவர் கண்டுபிடிக்கவில்லை, அவருக்குச் சொல்லப்பட்டது’ என்று முடிப்பதைத்தான்.

சொல்லப்பட்டது என்றால் பிழை வந்திருக்கக் கூடாது. வந்திருக்கிறது. ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதங்களிலேயே பகா எண்களைப் பற்றி அவர் உரிமை கொண்டாடிய துல்லியம் நிற்கவில்லை. பகா எண்களோடு பிணைந்த சீட்டா சார்பின் கலப்பெண் மூலங்களை அவர் கணக்கில் எடுக்காததால் வந்த பிழை அது. ஐரோப்பாவில் அந்தத் துறை அதற்குள் எங்கோ போயிருந்தது. அந்தப் புத்தகங்கள் அவர் கைக்கு எட்டவில்லை. தனியே நடந்த ஒரு மனிதன் பாதி வழியில் தடுக்கி விழுந்த இடம் இது. ராமானுஜனின் பிழைகளை மறைக்கிறவர்கள், அவர் தாமே நடந்தார் என்பதற்கான சான்றையும் சேர்த்து மறைக்கிறார்கள்.

அவர் எப்படிக் கண்டார் என்பதை ஓர் இடத்தில் கிட்டப் போய்ப் பார்க்க முடியும். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகப் பிரித்து எழுதலாம். இப்படி 200 வரை ஒவ்வோர் எண்ணையும் எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று பெர்சி மக்மஹோன் கையாலேயே கணக்கிட்டு ஓர் அட்டவணை தயாரித்தார். 200-க்கு உரிய விடை 3972999029388. ராமானுஜனும் ஹார்டியும் உருவாக்கிய சூத்திரம் சரிதானா என்று பார்க்கவே அந்த அட்டவணை பயன்பட்டது. ராமானுஜன் அதை வேறொரு கண்ணோடும் பார்த்தார். 4-க்கு விடை 5. 9-க்கு 30. 14-க்கு 135. 19-க்கு 490. 24-க்கு 1575. நான்கிலும் ஒன்பதிலும் முடியும் எண்களுக்கெல்லாம் விடை ஐந்தால் வகுபடுகிறது! ஏழுக்கும் பதினொன்றுக்கும் இதுபோன்ற ஒழுங்குகள் இருப்பதையும் கண்டார். கண்டதோடு விடவில்லை, ஐந்துக்கும் ஏழுக்கும் உரிய ஒழுங்குகளை 1919-இல் வெளிவந்த கட்டுரையில் நிறுவியும் காட்டினார். மக்மஹோனின் அட்டவணை அச்சில் இருந்தது, எத்தனையோ பேர் பார்க்கக்கூடியதாக இருந்தது. இவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாமக்கல் கனவைச் சொல்லும் மேடையில் இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

ஒரே புத்தகக் கதையிலும் உண்மை இருக்கிறது, ஆனால் முறுக்கப்பட்ட உண்மை. ஜார்ஜ் கார் எழுதிய தொகுப்பு நூல் அவர் பதின்ம வயதில் கைக்கு வந்தது உண்மைதான். அதற்கு முன்பே, வீட்டில் தங்கிப் படித்த கல்லூரி மாணவர்களிடம் வாங்கிய லோனியின் முக்கோணவியல் நூலைக் கரைத்துக் குடித்திருந்தார். கார் ஒரு பெரிய கணிதவியலாளர் அல்ல, தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்தவர். அவருடைய நூலில் 5,000-க்கும் மேற்பட்ட முடிவுகள் அடுக்கடுக்காக இருக்கும். நிரூபணங்கள் குறைவு, இருப்பவையும் சுருக்கம். படிப்பவன் ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்க்க வேண்டும். பள்ளி மாணவனாகவும் கல்லூரியிலிருந்து வெளியேறியவனாகவும் அந்த வேலையை ஆண்டுக்கணக்கில் செய்த ஒருவரை ‘பயிற்சி இல்லாதவர்’ என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

ஒரே புத்தகத்தோடு நின்றவரும் இல்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஹார்டியின் சிறு நூல் ஒன்றின் 36-ஆம் பக்கத்தைக் குறிப்பிட்டு, அங்கே இல்லை என்று சொல்லப்பட்ட ஒன்று என்னிடம் இருக்கிறது என்கிறார். அந்த நூல் வெளிவந்தது 1910-இல். அப்போது சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் அதை மூன்று ஆண்டுகளுக்குள் தேடிப் படித்து, பக்க எண்ணோடு நூலாசிரியருக்கே எழுதுகிறார். உலகம் தெரியாத பிள்ளை செய்யும் காரியமா இது?

நோட்டுப் புத்தகங்களில் நிரூபணம் இல்லையே, விடைகள் மட்டும்தானே இருக்கின்றன என்பார்கள். காரணம் காகிதத்தின் விலை. அவர் வேலை செய்தது சிலேட்டில். எழுதுவார், முழங்கையால் துடைப்பார், மறுபடி எழுதுவார். முடிவு வந்ததும் அதை மட்டும் நோட்டில் ஏற்றிக்கொள்வார். நடுவில் இருந்த படிகளெல்லாம் முழங்கையோடு போயின. ஜார்ஜ் காரின் நூலும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது, அவர் பழகிய மாதிரி அதுதான். 3,000-க்கும் மேற்பட்ட அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து நிரூபிக்க அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ண்ட்டுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வந்தன. பெரும்பாலான முடிவுகள் சரியாகவே இருந்தன. ஊகித்து எழுதியவனுக்கு இப்படி அமையாது.

தோல்விக் கதையைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது. ‘ராமானுஜனே ஃபெயில்தான், மார்க்கெல்லாம் ஒரு பொருட்டா’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். 1904-இல் கும்பகோணம் டவுன் பள்ளியில் கணிதத்துக்கான பரிசு வாங்கியவர், அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர். ஆங்கிலத்தில் தேறாததால் அந்த உதவித்தொகை போயிற்று. வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும் கணிதம் தவிர மற்றவை காலை வாரின. எஃப்.ஏ. தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்பது விதி. அந்த விதியால் அவர் இழந்தது மதிப்பெண்ணை அல்ல. சம்பளம், நூலகம், ஆசிரியர், காகிதம், வேளைக்குச் சோறு எல்லாவற்றையும். பதினேழு வயதிலிருந்து இருபத்துநான்கு வரை நிலையான வருமானம் கிடையாது. டியூஷன் தேடி அலைந்தார், நண்பர்கள் அறையில் ஒண்டினார். அறுவை சிகிச்சைக்குக்கூடப் பணமில்லாமல் மருத்துவர் ஒருவர் கட்டணமின்றிச் செய்ய வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு வயதே வாழ்ந்த ஒருவருடைய ஏழு ஆண்டுகள் அவை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஹார்டி கதைக்கு வருகிறேன். ஹார்டி பெரிய மனிதர். முன்பின் தெரியாத ஒருவரின் கடிதத்தைச் சக கணிதவியலாளர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார். அதே கேம்பிரிட்ஜில் வேறு இருவர் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. ஆனால் ஹார்டிக்குக் கடிதம் போய்ச் சேரும் நிலையில் ராமானுஜனை உயிரோடும் வேலையோடும் வைத்திருந்தவர்கள் சென்னை மாகாணத்துக்காரர்கள். திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசுவாமி ஐயர், இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-இல் தொடங்கியவர். ஏதாவது குமாஸ்தா வேலை கொடுங்கள் என்று நோட்டோடு வந்து நின்ற இளைஞரிடம் வேலையைக் கொடுக்கவில்லை. தாலுகா அலுவலகத்தில் போட்டு வீணடிக்கக் கூடாது என்று நினைத்து, சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் தம் கையிலிருந்து மாதம் 25 ரூபாய் அனுப்பினார். 1911-இல் சங்கத்தின் இதழில் பெர்னூலி எண்கள் பற்றிய முதல் நீண்ட கட்டுரை வெளிவந்தது. பிறருக்குப் புரியும்படி அதைத் திருத்தி எழுதவைக்க இதழாசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் மெனக்கெட்டார்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அங்கே தலைமைக் கணக்கராக இருந்தவர் எஸ். நாராயண ஐயர், அவரும் கணிதச் சங்கத்துக்காரர். இரவில் திருவல்லிக்கேணியில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். ராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். நான் உன் உயரத்துக்கு வர முடியாது, இரண்டு படிக்கு நடுவில் பத்துப் படி எழுது, இல்லையென்றால் வேறு யாருக்கும் புரியாது என்று நாராயண ஐயர் வற்புறுத்துவார். அலுவலகத்தில் மேலதிகாரி, வீட்டில் மாணவர். ராமானுஜனைப் பற்றிய எல்லாக் கதைகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மனிதர்தான். துணுக்குப் பக்கங்களில் அவர் பெயரை நான் கண்டதே இல்லை.

பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தரச் சென்னைப் பல்கலைக்கழக விதியில் இடமில்லை. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் நோட்டைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஹார்டியின் பதில் கடிதமும் வலுச் சேர்த்தது. விதியை மீறியே மாதம் 75 ரூபாய் ஒதுக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு விரிவுரையாற்ற வந்த நெவிலும் மேற்கொண்டு முட்டுக் கொடுத்தார்கள். 1914-இல் அவர் கப்பல் ஏறியபோது ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். டிரினிட்டி கல்லூரி சேர்த்தது 60 பவுண்டு. சென்னையில் யாருக்கும் அவர் அருமை தெரியவில்லை என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

கதைதானே, குழந்தைகளுக்கு ஊக்கம் தருகிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. ஊக்கம் தருவதில்லை என்பதே என் வாதம். கணக்கு என்பது பிறவி வரம், கனவில் வரும், நொடியில் மின்னும் என்று ஒரு குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். முதல் கணக்கு அரைமணி நேரம் இழுத்தடித்தால், எனக்கு அந்த வரம் இல்லை என்று அது முடிவு கட்டிவிடும். ராமானுஜனுக்கே நான்காம் படி தெரியவில்லை, பகா எண்ணில் பிழை வந்தது, முழங்கை தேயச் சிலேட்டைத் துடைத்தார் என்று சொன்னால் அதே குழந்தை இன்னும் அரைமணி நேரம் உட்காரும். வியப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்மையான வியப்பு அவருடைய தாள்களிலேயே குவிந்து கிடக்கிறது.

கடைசியாக, ‘தொலைந்த நோட்டுப் புத்தகம்’ அதிசயமாகக் கிடைத்த கதை. 1919-இல் நோயோடு திரும்பி வந்து, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறக்கும் வரை ராமானுஜன் வேலையை நிறுத்தவில்லை. வலிக்கு ஒத்தடம் கொடுத்து, பக்கத்தில் இருந்து, அவர் எழுதிய தாள்களைப் பார்த்துக்கொண்டவர் மனைவி ஜானகி. அப்போது அவருக்கு 21 வயது. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். பல காலம் தையல் வேலையில் வந்த காசும் சிறு ஓய்வூதியமுமே அவரைக் காப்பாற்றின. அந்தத் தாள்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1923-இல் ஹார்டிக்கு அனுப்பப்பட்டன. ஹார்டியிடமிருந்து கணிதவியலாளர் வாட்சனுக்குப் போயின. வாட்சன் இறந்தபின் ராங்கினும் மற்றவர்களும் அவர் வீட்டுக் காகிதக் குவியலிலிருந்து மீட்டு டிரினிட்டி நூலகத்தில் சேர்த்தார்கள். 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அங்கே போய், ஒரு பெட்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களைப் பார்த்ததும் இன்னதென்று தெரிந்துகொண்டார். தற்செயல் என்று எழுதுகிறார்கள். ராமானுஜன் இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் சொன்ன போலித் தீட்டா சார்புகளில்தான் ஆண்ட்ரூஸ் முனைவர் பட்டமே வாங்கியிருந்தார். வேறொருவர் பார்த்திருந்தால் பெட்டியை மூடிவைத்துவிட்டுப் போயிருப்பார். அந்தப் பக்கங்களில் இருந்த 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்களை அவரும் பெர்ண்ட்டும் சேர்ந்து பதிப்பிக்கத் தொடங்கினார்கள். முதல் தொகுதி 2005-இல் வந்தது, ஐந்தாவது தொகுதி 2018-இல்.